உடம்பு வரும்வரை ஆன்மா காத்திருக்குமா?

வளைகுடாவில் எங்கட ஆள் ஒருவர் செத்துப்போனால், ஊரில் பந்தல் போட முதலே ஒரு வசனம் போய்ச் சேர்ந்துவிடும். "உடம்பு வந்து கிரியை நடக்கும் வரைக்கும் ஆன்மா அங்கயே சுத்திக்கொண்டு நிக்குமாம்." ஆர் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஐயர் சொன்னவராம், பெரியப்பா சொன்னவராம், வாட்ஸ்அப்பில் வந்ததாம். இதைக் கேட்டுக்கொண்டிருப்பது, புருசன் போய் இரண்டு நாளாய்ச் சாப்பிடாமல் சுவரோடு சாய்ந்திருக்கிற ஒரு பெண்.

அந்த வசனத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன். அது எங்கள் சைவ சித்தாந்தத்தில் இல்லை. சிங்களவர்கள் கைக்கொள்ளும் பௌத்தத்திலும் இல்லை. இருக்கிற ஒரு இடத்திலிருந்தும் அரைவாசியைத்தான் எடுத்துச் சொல்லுகிறார்கள். இதுதான் என் கட்சி.

இதைச் சொல்ல நீ ஆர் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் சார்ஜாவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்கிறவன். வெங்காயம் உரிப்பதில் தொடங்கி இப்போது கறிச்சட்டிக்குப் பொறுப்பாய் நிற்கிறேன். அதற்கு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருசம் இருந்தேன், இந்து நாகரிகம் ஒரு பாடம். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டபோது நான் பாதைக்கு அந்தப் பக்கம் நின்றேன். படிப்பு அதோடு சரி. பிறகு வன்னி, பிறகு முகாம், பிறகு இந்த விசா. அகதி என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் அப்படி ஒரு அட்டை இந்த நாட்டில் கிடையாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் அமீரகம் சேரவில்லை. வேலை இருக்கும் வரைக்கும் வேலையாள், அவ்வளவுதான். பட்டம் இல்லாவிட்டாலும் சிவஞான போதமும் சித்தியாரும் அப்போது வாங்கிய பிரதிகளே இன்னும் என் கட்டிலுக்குக் கீழே சூட்கேசில் கிடக்கின்றன. ஒன்பது பேர் படுக்கிற அறையில் அதற்கு மேல் ஒரு நூலகம் வைக்க இடமில்லை :-)

சரி, முதலில் இங்கே ஒரு உடம்புக்கு என்ன நடக்கிறது என்று சொல்லவேண்டும். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாது.

ஒருவர் இறந்தால் ஆஸ்பத்திரி அறிவித்தல், பொலிஸ் கடிதம், மரணச் சான்றிதழ், விசா ரத்து, தூதரகத்தில் கடவுச்சீட்டு ரத்து, பிறகு விமானத்துக்கான பதிவு. டுபாயில் என்றால் உடம்பு பழுதாகாமல் மருந்தேற்றும் இடம் சோனாப்பூர் பக்கம், முகைஸ்னாவில். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் படுக்கிற முகாம்களுக்குப் பக்கத்திலேயே அதுவும். கம்பனி சரியாக இருந்தால் சில நாளில் முடியும். ஆள் கம்பனியை விட்டு ஓடியவர், விசிட் விசாவில் வேலை செய்தவர், விசா முடிந்தவர் என்றால் கிழமைகள் போகும். பெட்டி போவது பயணிகளோடு அல்ல, சரக்கோடு. ஏர் இந்தியா வளைகுடாவிலிருந்து உடம்பு ஏற்ற நெடுங்காலம் நிறுத்துக் காசு வாங்கியது, இத்தனை கிலோவுக்கு இத்தனை என்று. சமூக வேலை செய்கிறவர்கள் கத்திக் கத்தித்தான் 2019 ஜனவரியில் அதை விட்டு ஒரே கட்டணம் ஆக்கினார்கள். செத்த மனிதனைத் தராசில் வைப்பதைப் பற்றி ஒரு தத்துவமும் பேசாமல் அடுத்த பந்திக்குப் போகிறேன்.

இங்கேயே எரிக்கலாமா? அமீரகத்தில் எரிக்கலாம், டுபாயில் ஜெபல் அலிப் பக்கம் இந்துக்களுக்குச் சுடலை உண்டு. ஓமானிலும் பஹ்ரைனிலும் உண்டு. சவூதியில் இல்லை. அங்கே இறந்தவரை எரிக்கவேண்டும் என்றால் அனுப்பித்தான் ஆகவேண்டும். 2020இல் கொரோனா வந்தபோது நிலைமை தலைகீழாய்ப் போனது. கொரோனாவில் இறந்தவர்களை அனுப்ப முடியாது, இங்கேயே எரித்தார்கள் அல்லது புதைத்தார்கள். கேரளத்திலும் தஞ்சாவூரிலும் தெலுங்கானாவிலும் இருந்த பிள்ளைகள் தகப்பன்மார் எரிவதைப் போனில் பார்த்தார்கள். அதுவும் போனைப் பிடிக்க ஒரு ஆள் கிடைத்திருந்தால்.

அந்த மாதங்களில்தான் இந்த வசனத்தை நான் அதிகம் கேட்டேன். ஆன்மா என்னவாகும்? வீடு தெரியாமல் பாலைவனத்தில் நிற்குமா?

இப்போது சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞான போதத்தில் 12 சூத்திரங்கள். மூன்றாவது சூத்திரம் முழுக்க ஆன்மா உண்டு என்று நிறுவுவதற்கே. சூனியவாதி, உடம்பே ஆன்மா என்பவன், ஐம்பொறியே ஆன்மா என்பவன், மூச்சே ஆன்மா என்பவன் என்று ஒவ்வொருவனாக நிறுத்திப் பதில் சொல்லுவார். அதில் எனக்குப் பிடித்த இரண்டு. எல்லாவற்றையும் இல்லை இல்லை என்று தள்ளிக்கொண்டு போகிறாயே, தள்ளுகிற ஒருவன் மிஞ்சுகிறானே, அவன் ஆர்? இது ஒன்று. மற்றது, என் வீடு என்று சொல்லுகிற மாதிரித்தானே என் உடம்பு என்றும் சொல்லுகிறாய், அப்போது நீயும் உடம்பும் ஒன்றா? அமீரகத்தில் இருக்கிறவனுக்கு இது சட்டென்று விளங்கும். என் அறை என்று சொல்லுகிறோம், ஒரு கட்டில்தான் எங்களுடையது, அதுவும் ஷிப்ட் மாறினால் இன்னொருவனுக்கு.

ஆனால் ஆன்மா தனியே அந்தரத்தில் போவதில்லை. அதற்குச் சூக்கும சரீரம் என்று ஒன்று. சத்தம், பரிசம், உருவம், சுவை, மணம் என்ற ஐந்தின் நுண்ணிய நிலை, அதோடு மனம், புத்தி, அகங்காரம். ஆக எட்டு. புரியட்டகம் என்பார்கள். கண்ணால் காண்கிற தூல உடம்பு விழும்போது ஆன்மா இந்த எட்டோடு வினையையும் கொண்டு புறப்படும். மெய்கண்டார் இரண்டாம் சூத்திரத்தில் இதற்கு உவமைகள் சொல்லுவார். பாம்பு தோலைக் கழற்றிவிட்டுப் போவது போல. நனவிலிருந்து கனவுக்குப் போகிறவன் நனவை மறந்துவிடுவது போல. குடம் உடைந்தால் குடத்துக்குள் இருந்த ஆகாயம் வெளி ஆகாயத்தோடு கலப்பது போல என்று சிலர் சொல்வதை அவர் ஏற்கவில்லை. அப்படியென்றால் போகிறது என்று ஒன்றுமே இல்லையே.

இந்த உவமைகளை ஒருக்கால் வடிவாய் யோசித்துப் பாருங்கள். பாம்பு தன் செட்டையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா? ஆரும் வந்து செட்டையை எரிக்கும் வரைக்கும் வேலிக்கரையில் காத்திருக்கிறதா? கனவில் போனவன் பாயில் கிடக்கிற உடம்பை நினைக்கிறானா? மெய்கண்டாரின் கணக்கில் ஆன்மா போவது வினையின் வேகத்தில். சுவர்க்கமோ நரகமோ அனுபவிக்க அதற்கு வேறொரு சரீரம், பிறகு இன்னொரு தாயின் கருப்பை. இதில் பிணவறையில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருபது நாள் காவல் நிற்கிற ஆன்மா எங்கே வருகிறது?

அப்போ அந்தப் பயம் எங்கே இருந்து வந்தது? அதையும் மறைக்கக்கூடாது. அது கருட புராணமும் அபரக்கிரியை நூல்களும் சொல்லுகிற வழி. செத்தவர் முதலில் பிரேதம், பத்து நாள் கொடுக்கிற பிண்டத்தால் தலை, கழுத்து, மார்பு என்று அதற்கு ஒரு உடம்பு உண்டாகும், அந்த உடம்போடு யமலோக வழியில் நடக்கும், கிரியை இல்லாவிட்டால் பசியோடு அலையும். இது எங்கள் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. எட்டுச் செலவுக்குப் படைக்கிறபோதும் 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி செய்கிறபோதும் எங்கள் மனதில் இருப்பது சிவஞான போதம் அல்ல, இதுதான். நான் குறை சொல்லவில்லை. செத்தவருக்குச் சாப்பாடு வைக்கிற மனம் நல்ல மனம்.

ஆனால் அதே நூல்கள், உடம்பு கிடைக்காதவருக்கு என்ன செய்வது என்றும் சொல்லி வைத்திருக்கின்றன. தூரதேசத்தில் இறந்தவர், கடலில் போனவர், உடம்பு அகப்படாதவர் எல்லோருக்கும் தர்ப்பையாலும் பலாசு இலைக்காம்பாலும் ஒரு மனித உருவம் செய்து அதை எரித்து மற்றக் கிரியைகளைத் தொடரலாம். புராணம் எழுதியவனுக்கே தெரிந்திருக்கிறது, எல்லா உடம்பும் வீட்டுக்கு வராது என்று. பயம் காட்டுகிறவர்கள் முதல் பாதியை மனப்பாடமாய்ச் சொல்லுவார்கள், இந்த அத்தியாயம் வந்தவுடன் ஞாபகம் போய்விடும்.

இன்னொன்று. திவசத்துக்கு நாங்கள் திதி எடுப்பது எந்த நாளில்? உயிர் போன நேரத்தில். உடம்பு கட்டுநாயக்காவில் வந்திறங்கிய நேரத்தில் அல்ல. அமீரகத்துக்கும் இலங்கைக்கும் ஒன்றரை மணித்தியால வித்தியாசம் என்று சொல்லிச் சாத்திரியாரிடம் திதியைச் சரிபார்க்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அந்தக் கணக்குக்குள்ளேயே பதில் இருக்கிறது. போனவர் போன நேரத்தில் போய்விட்டார் என்று ஏற்றுக்கொண்டுதானே நாள் பார்க்கிறோம்?

எங்கள் குசினியில் குருநாகல் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூப்பு, என்னை "மல்லி" என்பார். சிங்களம் நான் படித்தது கொழும்பில் அல்ல, சார்ஜாவில், அவரிடம். (யுத்தம் முடிகிற வரைக்கும் எனக்குத் தெரிந்த சிங்களம் சோதனைச்சாவடிச் சிங்களம் மட்டும்.) சின்ன வயதில் ஞாயிறு தவறாமல் பன்சலையில் தகம் பள்ளிக்கூடம் போனவர். ஒரு இரவு, கடை பூட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கையில் கேட்டேன், அண்ணை, உங்கட சமயத்தில ஆன்மா இல்லை எண்டால் அடுத்த பிறப்புக்குப் போறது ஆர்?

சிரித்தார். பிக்குமாரிடம் சின்னப்பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி அதுதானாம். அவர் சொன்ன பதில், ஒரு விளக்கில் இருந்து இன்னொரு விளக்கைக் கொளுத்தினால் முதல் விளக்கில் இருந்து எது போனது? ஒன்றும் போகவில்லை, ஆனால் முதல் விளக்கு இல்லாமல் இரண்டாவது இல்லை. இது மிலிந்த பஞ்ஞ என்ற பாளி நூலில் வருகிற உவமை. நாகசேனர் என்ற பிக்கு, மெனாந்தர் என்ற கிரேக்க வழி அரசனுக்குச் சொன்னதாக வரும். தேர் உவமையும் அங்கேதான். சில்லு தேரா, அச்சு தேரா, நுகம் தேரா? ஒன்றும் இல்லை. எல்லாம் சேர்ந்த இடத்துக்கு வைத்த பெயர் தேர். அதைப் போல உருவம், வேதனை, குறிப்பு, சங்காரம், விஞ்ஞானம் என்ற ஐந்து கந்தமும் சேர்ந்த இடத்துக்கு வைத்த பெயர் நீ.

நான் சைவன், ஏற்கவில்லை. இல்லை என்று சொல்லுகிறவன் ஆர் என்ற மெய்கண்டாரின் கேள்வியைத் தூக்கிப் போட்டேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும், இந்த ஊரில் நாகசேனரின் தேரை மறுப்பது அவ்வளவு லேசில்லை. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, விசாவில் பின்னுக்கு, அடையாள அட்டையில் இரண்டும் ஒட்டி. தொழில் என்ற இடத்தில் பத்து வருசமாய் "துப்புரவாளர்" என்று கிடக்கிறது. கம்பனிக்கு நான் ஒரு இலக்கம். இந்தக் கடதாசிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினால் மிஞ்சுகிற நான் ஆர் என்று சில இரவுகளில் யோசித்திருக்கிறேன்... மிஞ்சுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதுதான் என் நம்பிக்கை. குருநாகல் அண்ணைக்கு அப்படி ஒருவன் மிஞ்சவேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு அதில் ஒரு கவலையும் இல்லை, என்னைவிட நிம்மதியாய் நித்திரை கொள்ளுவார்.

ஆனால் விடயம் இதுதான். தேரவாத பௌத்தத்தின்படி சாவுக்கும் அடுத்த பிறப்புக்கும் இடையில் ஒரு இடைநிலை கிடையாது. கடைசிச் சித்தம் அடங்கியதும் அடுத்த பிறப்பின் சித்தம் தோன்றும். இடைநிலை உண்டு என்ற வேறு பௌத்தப் பள்ளிகளோடு அவர்கள் அபிதம்மத்தின் கதாவத்துவிலேயே சண்டை பிடித்திருக்கிறார்கள். திபெத்தில்தான் 49 நாள் வரைக்கும் இடைவெளி சொல்லுவார்கள். அப்படியிருந்தும் சிங்களச் செத்தவீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பிக்குமாருக்கு வெள்ளைத் துணி கொடுத்து, ஒரு பாத்திரத்தில் இருந்து கோப்பைக்குள் தண்ணீரை அது நிரம்பி வழியும் வரைக்கும் ஊற்றுவார்கள். ஊற்றுகிற கையைச் சொந்தக்காரர் எல்லோரும் பிடித்திருப்பார்கள். அந்தப் புண்ணியம் செத்தவருக்குப் போகட்டும் என்று. ஏழாம் நாள் பணை, தானம், பிறகு மூன்று மாதத்தில் தானம். போவதற்கு ஒரு ஆன்மா இல்லை என்கிற சமயத்திலும் தண்ணீர் வழிகிறது!

அண்ணையின் தாயார் இறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. டுபாயில் மகாமெவ்னாவ என்ற இலங்கை மடாலயத்தின் கிளை ஒன்று இருக்கிறது, அங்கே போய்த் தானம் கொடுத்துவிட்டு அடுத்த நாள் வேலைக்கு வந்து நின்றார். தாயின் உடம்பு குருநாகலில், மகன் இங்கே. எங்கள் கதையின் மறுபக்கம். அம்மாவுக்குப் புண்ணியம் போய்ச் சேர்ந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. அவரும் ஒருநாளும் என்னிடம் ஆன்மா அலைகிறது என்று சொன்னதில்லை.

இந்த வாதம் ஏதோ தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையிலான வாதம் என்று எங்கட பெடியள் நினைக்கிறார்கள். புத்தர் என்றாலே அரச மரமும் ஆமிக் காம்பும் அவர்களுக்கு ஞாபகம் வருகிறது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் ஆன்மா உண்டா இல்லையா என்று தமிழன் தமிழனோடு தமிழிலேயே சில நூறு வருசம் சண்டை பிடித்திருக்கிறான். மணிமேகலை பௌத்த நூல். நீலகேசி அதற்கு எதிர்ப்பக்கம் நின்ற சமண நூல். அருணந்தி சிவாசாரியார் சித்தியாரின் பரபக்கத்தில் நாலு வகைப் பௌத்தரையும் தனித்தனியே கூப்பிட்டு மறுத்தார். மறுக்க ஆள் இல்லாமல் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்.

மணிமேகலையில் ஒரு வெளிநாட்டு வேலைக்காரனின் கதை இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அதை அப்படிச் சொல்லித்தரவில்லை. சாதுவன். கணிகையிடமும் சூதிலும் காசை எல்லாம் விட்டுவிட்டு, உழைக்கக் கப்பல் ஏறுகிறான். கப்பல் உடைகிறது. தப்பி வந்தவர்கள் அவன் செத்தான் என்று ஊரில் சொல்லிவிட, மனைவி ஆதிரை தீக்குள் இறங்குகிறாள். தீ சுடவில்லை. அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று அசரீரி சொல்லுகிறது. உடம்பும் வராமல், உறுதியான சேதியும் வராமல், வாய்வழிச் செய்தியை நம்பி ஒரு பெண் நெருப்பில் இறங்கிய கதை. இங்கே இருந்து போகிற போன் செய்திகளை நினைத்தால் எனக்கு ஆதிரைதான் ஞாபகம் வருவாள்.

அங்கே சாதுவன் மரத்துண்டைப் பிடித்து நாகர் மலைத்தீவில் கரையேறுகிறான். மனித இறைச்சி தின்கிற கூட்டம். அவர்கள் பாஷை இவனுக்குத் தெரிந்திருந்ததால் தப்புகிறான். (பாஷை தெரிந்தவன் தப்புவான், குசினியிலும் அதுதான் சட்டம்.) அவர்களின் தலைவன் கேட்கிறான், உடம்பை விட்டு உயிர் வேறு இடம் போகிறது என்கிறாயே, எப்படி என்று சொல்லு. சாதுவன் சொல்லும் பதில் இப்படிப் போகும். உயிர் இருக்கிற உடம்புக்குப் பட்டது தெரியும். உயிர் போனதை வெட்டினாலும் எரித்தாலும் தெரியாது. ஆகவே அதில் இருந்து ஏதோ ஒன்று போயிருக்கிறது. போனவர்க்குப் போய்ப் புக ஒரு இடம் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உடம்பு இங்கே கிடக்க உயிர் பல காததூரம் போவதை நீ கனவிலேயே காண்கிறாயே.

கவனித்தீர்களா? இது மெய்கண்டார் சொல்லுகிற அதே கனவு. ஆன்மா இல்லை என்கிற சமயத்தின் நூலில், அந்தச் சமயத்தைப் பரப்புகிறவன் வாயில். சீத்தலைச் சாத்தனாருக்கு அனத்தா தெரியாது என்று சொல்லமுடியாது. கடைசிக் காதையில் பன்னிரண்டு நிதானத்தையும் அடுக்கியவர் அவர். நரமாமிசம் தின்கிறவனிடம் கந்தம் ஐந்தையும் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை, அவனுக்கு விளங்கவேண்டியது வெட்டுப்படுகிற உடம்புக்குள் ஒருவன் இருக்கிறான் என்பது மட்டும்தான். ஆளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். எங்கட ஆட்களுக்கு இந்த விவேகம்தான் குறைவு. செத்தவீட்டில் நிற்கிற பெண்ணிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல் கருட புராணத்தைத் திறக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய காட்சி ஒன்று அதே நூலில் உண்டு. ஆபுத்திரன் கப்பலில் சாவகம் போகும்போது மணிபல்லவத்தில் இறங்குகிறான், அவன் ஏறவில்லை என்று தெரியாமல் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. கையில் உலகத்துக்கே சோறு போடுகிற அமுதசுரபி, ஆனால் வாங்கிச் சாப்பிட ஒருவரும் இல்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு, சாப்பிடாமல் கிடந்து தனியே சாகிறான். ஒரு கிரியையும் இல்லை, கொள்ளி வைக்க ஆளில்லை. அவன்தான் அடுத்த பிறப்பில் சாவகத்துக்கு அரசனாகிறான், புண்ணியராசன். பிறகு மணிமேகலையோடு அதே தீவுக்கு வந்து, மணலைத் தோண்டித் தன்னுடைய போன பிறப்பு எலும்புக்கூட்டைத் தானே பார்க்கிறான்!

மணிபல்லவம் எங்கட நயினாதீவுதான் என்று சொல்லுகிறவர்கள் உண்டு, வேறு இடம் என்பவர்களும் உண்டு. எனக்கு அது முக்கியமில்லை. அந்நிய மணலில் எரியாமல் கிடந்த எலும்பு அவனுடைய அடுத்த பயணத்தைத் தடுத்ததா? தமிழில் எழுதிய பௌத்தனும் தடுக்கவில்லை என்கிறான், தமிழில் எழுதிய சைவனும் தடுக்காது என்கிறான்.

சில வருசத்துக்கு முந்தி முல்லைத்தீவுப் பக்கத்து ஆள் ஒருவர் எங்களுக்குத் தெரிந்த இடத்தில் மாரடைப்பில் போனார். விசிட் விசா, அதுவும் முடிந்தது. வேலை வாங்கியவர் இப்படி ஒரு ஆளையே தெரியாது என்றுவிட்டார். 23 நாள் பிணவறையில். ஜெபல் அலியில் எரித்துச் சாம்பலை ஒரு பெடியனின் கைப்பையில் அனுப்பலாம், கீரிமலையில் கரைக்கலாம், செலவு குறைவு என்று நாங்கள் சொன்னோம். ஊரில் ஒரு பெரியவர் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டார், ஆன்மா அங்கயே நிக்கும், பிள்ளைகளுக்குக் கூடாது என்று. மனைவி நகையையும் வீட்டுத்திட்டக் காணியையும் வைத்துக் காசெடுக்க வெளிக்கிட்டா.

நான் இந்து நாகரிகம் படித்தவன் என்று என்னிடம் போனைத் தந்தார்கள். புரியட்டகம், பாம்புச் செட்டை, தர்ப்பை உருவம் எல்லாம் விளங்கப்படுத்தினேன். ஐந்து நிமிசம் பேசாமல் கேட்டா. பிறகு சொன்னா,

"தம்பி, ஆன்மா எங்க போனாலும் போகட்டும். அவர் நல்லவர், நல்ல இடத்துக்குத்தான் போவார். எனக்கு ஒருக்கா முகத்தைப் பாக்கவேணும். மூண்டு வருசம் பாக்கேல்லை."

இதற்கு மெய்கண்டாரிடமும் பதில் இல்லை, நாகசேனரிடமும் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை. கேள்வி சூக்கும சரீரத்தைப் பற்றியதே அல்ல. நாங்கள் கடைகடையாய்க் காசு சேர்த்தோம். குருநாகல் அண்ணை அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பவேண்டியதில் பாதியைத் தந்தார். பெட்டி போனது. அந்தக்கா காணியை அடகு வைக்கவில்லை.

ஆகவே உடம்பை அனுப்பவேண்டாம் என்று நான் சொல்லுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முகம் பார்க்கவேண்டும் என்றால் அனுப்பவேண்டும், அதற்குக் காசு சேர்ப்பதும் கம்பனியைப் பிடித்து உலுக்குவதும் தூதரக வாசலில் நிற்பதும் எங்கள் கடமை. ஆனால் அது இருக்கிறவர்களுக்காக. செத்தவர் அங்கே வழி தெரியாமல் நிற்கிறார் என்ற பொய்யைச் சொல்லிக் கடன்பட வைக்காதீர்கள். சவூதியில் ஆறு மாதம் பிணவறையில் கிடந்தவருக்கும், கொரோனாவில் ஆரென்று தெரியாதவர்கள் கொள்ளி வைத்தவருக்கும், ஊரில் பிள்ளைகள் சுற்றி நிற்கச் செத்தவருக்கும் சித்தாந்தத்தில் ஒரே வழிதான். எரிக்கிற இடத்தைப் பார்த்து வினை மாறுவதில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு இடத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்கிறேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார். கிளிநொச்சியில் கந்தசாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று இருக்கத் தொடங்கினவர்கள். அவர்களிடம் போய்த் தர்ப்பை உருவம் பற்றிச் சொல்லமுடியாது. சொல்லியும் இருக்கிறார்கள் சிலர், அந்தியேட்டியைச் செய்து முடித்து விடுங்கோ அம்மா, ஆன்மா சாந்தியடையட்டும் என்று. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று ஒரு சான்றிதழைக் கொடுக்க 2016இல் சட்டமே வந்தது. அந்தத் தாய்மார் கேட்பது பிள்ளையின் ஆன்மா எங்கே என்று அல்ல. 2009 மே மாதம் வட்டுவாகலில் எங்கள் கையால் பிடித்து ஒப்படைத்த உடம்பு எங்கே என்று. இது தத்துவக் கேள்வி அல்ல, ஒப்படைத்த இடத்தில் வாங்கிக்கொண்டு போனவர்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி. எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. சித்தி இன்னும் திதி பார்க்கவில்லை. படத்துக்கு மாலையும் போடவில்லை. பிறந்தநாளுக்கு மட்டும் அவனுடைய பெயரில் வற்றாப்பளை அம்மனுக்கு அர்ச்சனை செய்கிறா, உயிரோடு இருக்கிறவனுக்குச் செய்கிற மாதிரி, நட்சத்திரம் சொல்லி.